‘எழுத மாட்டேங்குதுக்கா!’ – கைப்பைப் பேனாவின் கோளாறுகளும் கைவைத்தியமும்

பாலக்கோடு பக்கத்தில் மூன்று மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், பேரேடு, ஆளுக்கொரு சேமிப்புப் பாஸ்புக். அது போக வங்கிக் கடன் படிவம், ரேஷன் கார்டு திருத்த மனு, யாரோ ஒருவர் பிள்ளையின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம். வாரத்தில் ஆறு நாள் கையில் பேனா இருக்கும். அதனாலேயே தெருவில் யார் பேனா கெட்டாலும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும்.

“எந்தப் பேனாக்கா நல்ல பேனா?” என்று கேட்பவர்களுக்கு நான் கம்பெனி பெயர் சொல்வதில்லை. “இப்ப வெச்சிருக்கிறது எப்படிக் கெட்டுப்போகுது, அதச் சொல்லு” என்பேன். கெடாத பேனா என்று ஒன்று கிடையாது. உங்கள் தாளில், உங்கள் கையில், உங்கள் பையில் எது குறைவாகப் படுத்துகிறதோ அதுதான் உங்கள் பேனா. அதைக் கண்டுபிடிக்க முதலில் கோளாறைப் படிக்க வேண்டும்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989-இல் தொடங்கியது எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான், ஐஃபாட் என்கிற சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அன்றைக்குக் கிருஷ்ணகிரியும் எங்களோடுதான் இருந்தது; 2004-இல்தான் தனி மாவட்டமானது. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த எத்தனையோ பெண்கள் குழுவுக்கு வந்துதான் பெயரெழுதப் பழகினார்கள். அப்படிப் பழகிய கை, பேனா மக்கர் பண்ணினால் பேனாவைத் திட்டாது. “எனக்குத்தான் எழுத வரல” என்று சொல்லிவிட்டு மைப்பட்டையைத் தேடிக் கட்டைவிரலை நீட்டும். அந்த நீட்டிய விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், அந்தப் பேனா மேல்.

முதலில் ஒரு நிமிடச் சோதனை

பேனா எழுதவில்லை என்றதும் உதறாதீர்கள். அதே பேனாவால் வேறொரு தாளில் கிறுக்குங்கள். பிறகு வேறொரு பேனாவால் அதே தாளில், அதே இடத்தில் கிறுக்குங்கள். பேனா எங்கேயும் எழுதவில்லையா, கோளாறு பேனாவில். எந்தப் பேனாவும் அந்த இடத்தில் எழுதவில்லையா, கோளாறு தாளில். பக்கத்தில் இருப்பவர் கையில் நன்றாக எழுதி உங்கள் கையில் மட்டும் தடுமாறுகிறதா, பிடிக்கும் விதத்தில். இதைப் பிரித்துப் பார்க்காமல் ரீஃபிலை மாற்றிக்கொண்டே இருந்தால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

பேனாவின் வகையையும் தெரிந்துகொள்ளுங்கள். பால் பேனாவின், அதாவது பால்பாயிண்ட் பேனாவின் மை எண்ணெய்ப் பசை மாதிரி கெட்டியானது. ஜெல் பேனாவின் மை தண்ணீர் சேர்ந்தது. அசையாதபோது கூழாக நிற்கும், முனையில் குண்டு சுழலும்போது இளகி ஓடும். உள்ளே ‘குளுக் குளுக்’ என்று ஆடுகிற மை உள்ள பேனாக்கள் தனி ரகம்; அவற்றின் மை தண்ணீர் போலவே ஓடும். கீழே சொல்லும் வைத்தியத்தில் முக்கால்வாசி இந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

“புதுப் பேனாக்கா, ஒரு கோடுகூட விழல”

முனையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். புது ஜெல் ரீஃபிலின் நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு மெழுகுப் பொட்டு ஒட்டியிருக்கும். வழியில் மை காயாமலும் கசியாமலும் இருக்கக் கம்பெனிக்காரர்கள் வைப்பது. நகத்தால் கிள்ளி எடுத்தால் போதும். இதைக் கவனிக்காமல் பேனாவைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

மெழுகு இல்லை, பால் பேனா, கடையில் பல வருஷம் தூங்கியது என்றால் குண்டைச் சுற்றி மை உறைந்திருக்கும். தாளில் வட்டம் வட்டமாகக் கிறுக்கினால் தாள்தான் கிழியும். ரப்பர் செருப்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு அதில் நாலு கோடு இழுங்கள், அழிரப்பரும் ஆகும். வழுக்குகிற தாளில் சுழலாத குண்டு, பிடித்து இழுக்கிற ரப்பரில் சுழன்றுவிடும். அதற்கும் மசியவில்லையா, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரை டம்ளரில் எடுத்து முனையை மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்தி, துடைத்துவிட்டு மறுபடி ரப்பரில் தேயுங்கள்.

தீக்குச்சி வைத்தியம் மட்டும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது சிம்னி விளக்கில் முனையைக் காட்டினேன். குழாய் இளகியது, மை தெறித்தது, பள்ளிக்கூடப் பாவாடையில் விழுந்த மூன்று புள்ளிகள் அந்தப் பாவாடை கிழியும்வரை இருந்தன. ரீஃபிலின் பின்பக்கத்தை வாயில் வைத்து ஊதுவதும் அதே ரகம். எச்சிலும் காற்றும் உள்ளே போகும், மை ஒரு நூலும் நகராது.

ஒரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. ரீஃபில் குட்டையாக இருக்கிறது என்று பின்னால் தாளைச் சுருட்டி அடைத்திருப்பீர்கள். மை கீழே இறங்க இறங்கப் பின்னாலிருந்து காற்று உள்ளே போயாக வேண்டும். இறுக்கி அடைத்தால் பத்து வரி எழுதிவிட்டு நின்றுவிடும். அடைப்பில் ஒரு ஊசித்துளை போடுங்கள், ஓடும்.

“விட்டு விட்டு எழுதுது”

என்னிடம் வரும் புகாரில் பாதி இதுதான். அதில் பாதிக்கு மேல் பேனாவின் குற்றமே இல்லை.

ஒருமுறை வங்கிக் கடன் படிவத்தில் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். எட்டு பேர் வரை சரியாக விழுந்தது. ஒன்பதாவதாக ஒரு பெண். ‘செ’ விழுந்தது, ‘ல்’ விழவில்லை, ‘வி’யில் மேல் வளைவு மட்டும் தெரிந்தது. பேனாவை மாற்றினேன், அதுவும் அப்படியே. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மினுமினுப்பு. பிள்ளைக்குத் தலைவாரி எண்ணெய் வைத்துவிட்டு நேரே கூட்டத்துக்கு வந்திருக்கிறாள். கை படிந்த இடமெல்லாம் தாள் தேங்காய் எண்ணெயைக் குடித்துவிட்டது. எண்ணெய் படிந்த தாளில் குண்டு உருளாமல் சறுக்கும். உருளாத குண்டு மை எடுத்து வராது.

வைத்தியம் சுலபம். கைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, வரி இறங்க இறங்க அதையும் இறக்குங்கள். நான் பழைய காலண்டர் தாள் வைத்திருக்கிறேன். எண்ணெய் ஏற்கெனவே பட்டுவிட்டால் அந்த இடத்தில் எந்தப் பால் பேனாவும் ஒழுங்காக எழுதாது. பவுடரை லேசாகத் தூவி, தட்டிவிட்டு ஜெல் பேனாவால் முயலுங்கள். படிவம் முக்கியமானது என்றால் புதுப் படிவம் வாங்குவதே மேல்.

எண்ணெய் மட்டுமில்லை. மாங்காய்க் காலத்தில் கிருஷ்ணகிரி பக்கத்து மண்டிகளில் பில் போடுகிறவர்கள் கையில் மாங்காய்ப் பால் பிசுபிசுக்கும், அது தாளில் காய்ந்து படலமாகும். ஜெராக்ஸ் தாளில் கருப்பாக அச்சான பகுதியும் அப்படித்தான். அந்தக் கருப்பு சூட்டில் இளக்கி ஒட்டிய பிளாஸ்டிக் தூள். அதன் மேல் பேனா வழுக்கும். ஜெராக்ஸில் கையெழுத்துப் போடுகிறவர்கள் வெள்ளை இடம் பார்த்துப் போடுங்கள்.

அடுத்து, தாளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கவுண்டர் கண்ணாடி மேல் ஒற்றைத் தாளை வைத்தால் பால் பேனாவுக்குப் பிடிப்பே இருக்காது. அடியில் நாலு தாள் அல்லது பாஸ்புக் வைத்தால் அதே பேனா வெண்ணெய் மாதிரி எழுதும். சுவரில் நோட்டை வைத்து நின்றபடி எழுதுகிறீர்களா? முனை மேலே பார்க்கும்படி எழுதினால் மை கீழே இறங்கி, குண்டுக்குப் பின்னால் காற்று புகுந்துவிடும். பிறகு உட்கார்ந்து எழுதினாலும் கொஞ்ச நேரம் விட்டு விட்டுத்தான் வரும். விண்வெளி வீரர்கள் கொண்டுபோன, மையைப் பின்னாலிருந்து வாயு அழுத்தம் தள்ளுகிற பேனா 1960களிலேயே வந்துவிட்டது. சுவரில் காலண்டரில் பால் கணக்கு எழுதுகிற நமக்கு அவ்வளவு வேண்டாம், பென்சில் போதும்.

இதெல்லாம் இல்லை, ஜெல் ரீஃபிலில் மை பாதி இருக்கிறது, எழுதவில்லை என்றால் நடுவில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் மூடியைப் போட்டு, முனை வெளிப்பக்கமாக இருக்கும்படி பேனாவைப் பிடித்து, பழைய காய்ச்சல்மானியை உதறுவது போல நாலைந்து உதறு. குழந்தைகள் இல்லாத பக்கமாகப் பார்த்து உதறுங்கள். கீழே விழுந்து நின்றுபோன ஜெல் பேனாவுக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. நேராக முனை குத்தி விழுந்தால் குண்டு உட்காரும் கிண்ணம் நசுங்கிவிடும். தாளைக் கீறினால் செத்தது என்று அர்த்தம்.

“பொட்டு வைக்குது”

பால் பேனாவில் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நீலப் பொட்டு. பேரேட்டில் 0 எல்லாம் அடைபட்டுப் போகும். குண்டு சுழலும்போது தாளில் இறங்காத மை முனையின் விளிம்பில் சேர்ந்து, கனம் தாங்காமல் ஒரு இடத்தில் உட்காருகிறது. வெயிலில் இளகிய மையில் இது அதிகம். 1.0 முனையில் 0.7-ஐவிட அதிகம். அந்த எண் குண்டின் விட்டம், மில்லிமீட்டரில். கோடு அதைவிட மெல்லியதாகவே விழும்.

எழுத ஆரம்பிக்கும் முன் ஒரு துணித்துண்டில் முனையை ஒரு சுழற்று. நடுவில் பேனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பிடியுங்கள். அதற்கும் பொட்டு நிற்கவில்லை என்றால் ரீஃபிலை மாற்றுங்கள், பேனாவை மாற்ற வேண்டாம்.

“கை பட்டா இழுவுது”

ஜெல் பேனா. ‘மையே சரியில்லை’ என்று திட்டுவதற்கு முன் தாளைத் தடவிப் பாருங்கள். வழவழப்பான தாள் தண்ணீர் மையைக் குடிக்காது. மேலேயே நின்று காயும். பாஸ்புக் அட்டை, திருமணப் பத்திரிகை, பளபளப்பான ரசீது எல்லாவற்றிலும் இது வரும். பத்து எண்ணிவிட்டு அடுத்த பக்கம் திருப்புங்கள். இடதுகைக்காரர்களுக்கு எழுதிய எழுத்தின் மேலேயே கை நகர்வதால் ஜெல் சரிப்படாது, பால் பேனாவே உத்தமம்.

படிவத்தில் ‘போட்டோ மேல் பாதி, தாள் மேல் பாதி’ கையெழுத்து கேட்பார்கள். பால் பேனா போட்டோவில் ஏறாது, ஜெல் இழுவும். மெல்லிய முனையுள்ள சிடி மார்க்கர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு நாலு முறைதான் தேவைப்படும், ஆனால் அந்த நாலு முறையும் பஸ் ஏறித் திரும்பி வர வேண்டியிருக்காது.

“பை முழுக்க மைக்கா”

பேனாவைப் பற்றிப் பேசுகிற ஆண்கள் எல்லாரும் சட்டைப் பையை மனதில் வைத்தே பேசுகிறார்கள். சட்டைப் பையில் பேனா நின்றுகொண்டிருக்கும், கிளிப் பிடித்துக்கொள்ளும். புடவைக்கு ஏது பை? எங்கள் பேனா சாவிக்கொத்து, சில்லறை, தண்ணீர் பாட்டில், மாத்திரை அட்டையோடு கைப்பைக்குள் படுத்துக் கிடக்கிறது. டிக்-டிக் பேனா என்றால் சாவி அமுக்கி முனையை வெளியே தள்ளும். உள்துணி முழுக்கக் கோலம். ஆகவே கைப்பைக்காரர்களுக்கு மூடி போட்ட பேனாதான். மூடியைப் போடும்போது ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும்; சத்தம் வராத மூடி பைக்குள் தானாகக் கழன்றுவிடும்.

கைக்குட்டையின் ஓரத்தை மடித்துத் தைத்து, பையின் உட்பக்கத்தில் பேனா நிற்கிற மாதிரி ஒரு உறை போட்டுக்கொண்டேன். முனை மேலே பார்க்கும்படி நிற்கும். வீட்டில் பழைய ஜாக்கெட் துணி இருந்தால் பத்து நிமிஷ வேலை.

கசிவுக்கு இன்னொரு காரணம் சூடு. ‘குளுக்’ மைப் பேனாவில் மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். வெயிலில் நிற்கிற ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில் வைத்தால் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். சித்திரை வைகாசியில் எங்கள் ஊர் சீட்டுக்கு அடியில் அப்பளமே பொரியும். அந்த ரகப் பேனாவை வெயில் காலத்தில் வீட்டு மேசையில் விட்டுவிட்டுப் போங்கள்.

கறை பட்டாகிவிட்டதா? பால் பேனாக் கறைக்குச் சானிடைசர் அல்லது ஸ்பிரிட். துணிக்கு அடியில் பழைய துணியை மடித்து வைத்து, பஞ்சில் நனைத்து மேலிருந்து ஒற்றுங்கள். தேய்த்தால் கறை ஊர்வலம் போகும். அடித்துணி மையைக் குடிக்கக் குடிக்க இடம் மாற்றிக்கொண்டே வர வேண்டும். கறை போகும்வரை இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் நிரந்தரமாகிவிடும். மைப்பேனா மை என்றால் உடனே பச்சைத் தண்ணீர். ஜெல் மை பெரும்பாலும் நிறத்தூள் கலந்தது, காய்ந்துவிட்டால் போகாது. பட்டுப் புடவையில் எந்தக் கறை பட்டாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே டிரை கிளீனிங்.

“கார்பன்ல விழல”

தக்காளி மண்டி பில் புத்தகம் மாதிரி இரண்டு மூன்று பிரதி எடுக்கிறவர்கள் ஜெல் வாங்கவே வேண்டாம். ஜெல்லை அழுத்தினால் கோடு தடிக்கும், அடித்தாளுக்கு இறங்காது. பால் பேனா, கெட்டியான உடம்பு, அழுத்தினால் வளையாத ரீஃபில். அவ்வளவுதான்.

“விரல் வலிக்குதும்மா”

எங்கள் குழுவின் மூத்த உறுப்பினர் ஒரு பாட்டி. அறுபதுக்கு மேல் கையெழுத்துப் போடப் பழகியவர். களைக்கொத்து பிடித்த கை. பேனாவையும் அப்படித்தான் பிடிப்பார். நாலு விரலும் பேனாவைச் சுற்றி மூடியிருக்கும், கட்டைவிரல் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும், பேனா தாளோடு படுத்துக் கிடக்கும். பால் பேனாவைக் கொடுத்தால் தாளில் வெறும் கீறல்தான் விழும். பால் பேனா நிமிர்ந்து நின்றால்தான் எழுதும். ரொம்பச் சாய்த்தால் குண்டுக்குப் பதில் அதைப் பிடித்திருக்கிற உலோக விளிம்பு தாளில் உரசும். மை வரவில்லையே என்று அவர் இன்னும் அழுத்துவார், விரல் வெளுக்கும். ‘மு’ வரும், ‘னி’ வருவதற்குள் தாள் கிழியும். உடனே “எனக்கு வராது கண்ணு, நாட்டு வெச்சிடறேன்”.

பிடியை மாற்றச் சொல்லி ஒரு மாதம் முயன்றேன். அறுபது வருஷப் பிடி, மாறுமா? பிடியை விட்டுவிட்டுப் பேனாவை மாற்றினேன். அழுத்தம் கேட்காத 0.7 ஜெல், விரல் பிடிக்கும் இடத்தில் ரப்பர், உடம்பு கொஞ்சம் தடிமன். ரப்பர் போதவில்லை, மேலே சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வெட்டி மாட்டினேன். அன்றைக்கு அவர் போட்ட ‘முனியம்மாள்’ இன்னும் என் தீர்மான நோட்டில் இருக்கிறது. கடைசி ‘ள்’ கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குள் போயிருக்கும்.

நாள் முழுக்க எழுதி விரல் வலிக்கிறவர்களுக்கும் இதுதான் வழி. வலி பெரும்பாலும் பேனாவின் எடையால் வருவதில்லை, அழுத்துவதால் வருகிறது. அழுத்தாமல் எழுதுகிற மை வேண்டும்: ஜெல், அல்லது ஜெட்ஸ்ட்ரீம் மாதிரி மையை நீர்க்கச் செய்த பால் பேனா. பின்னது விலை கூட. ஆனால் இழுவாது, கார்பனிலும் விழும். கணக்கு எழுதுகிறவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

“இந்தப் பேனாவுல செக் எழுதலாமா?”

பால் பேனா அல்லது நல்ல ஜெல், நீலம் அல்லது கருப்பு. செக்குகள் இப்போது படமாக ஸ்கேன் ஆகித்தான் வங்கிக்கு வங்கி போகின்றன. மங்கலான மை, வெளிர் வண்ணம் எல்லாம் வம்பு. தேதி தவிர வேறு எதையும் அடித்துத் திருத்தினால் அந்த முறையில் ஏற்க மாட்டார்கள், புதுச் செக்தான் எழுத வேண்டும்.

அழிக்கிற ஜெல் பேனா பிள்ளைகளிடம் இருக்கும். ஃப்ரிக்ஷன் என்ற ரகத்தில் மை 60 டிகிரி சூட்டில் நிறமற்றுப் போகும். அழிரப்பர் உரசும் சூடே அதற்குப் போதும். லேமினேஷன் மெஷினுக்குள் போனால் எழுதியது முழுவதும் காணாமல் போகும். கணக்கு நோட்டுப் பக்கமே அதை விடாதீர்கள். செக்கில், பத்திரத்தில், வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது எதிரில் இருப்பவர் பேனா நீட்டினாலும் உங்கள் பேனாவை எடுங்கள். மையை அழித்துத் தொகையை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தினமும் சொந்தப் பேனா சுமப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

டிஎன்பிஎஸ்சி எழுதுகிற பிள்ளைகள் ஓஎம்ஆர் தாளுக்குக் கருப்பு பால் பேனா மட்டும் கொண்டுபோக வேண்டும். வீட்டில் ஒரு வாரம் எழுதிப் பழக்கிய பேனாவைக் கொண்டுபோங்கள், அன்று காலை பஸ் ஸ்டாண்டில் வாங்கியதை வேண்டாம்.

“பேனா போனது போனதுதான்”

இது பேனாவின் நோயா என்று கேட்காதீர்கள். தினசரிப் பேனாக்களை அதிகம் கொல்வது இதுதான். வங்கிக்குப் போய் ஒரு சலான் நிரப்ப நின்றால் பின்னாலிருந்து “அக்கா, பேனா ஒரு நிமிஷம்” என்று மூன்று கை நீளும். கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்தால் அந்தப் பேனா கவுண்டர் கவுண்டராகப் போய், மதியத்துக்குள் ஏதாவது ஒரு சட்டைப் பையில் செட்டிலாகிவிடும்.

நம் ஊர் வைத்தியம் எல்லாருக்கும் தெரியும்: மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுப்பது. மூடியில்லாத பேனாவைச் சட்டைப் பையில் போட யாருக்கும் மனம் வராது, திரும்பி வந்துவிடும். டிக்-டிக் பேனாவை நான் ஒதுக்குவதற்கு இது இரண்டாவது காரணம். கையில் மூடியோடு நிற்கும்போது பாருங்கள், பல மூடிகளின் உச்சியில் ஒரு ஓட்டை இருக்கும். மை காய்ந்துவிடும் என்று அதில் மெழுகு வைத்து அடைக்கிறவர்கள் உண்டு. அடைக்காதீர்கள். குழந்தை தவறி விழுங்கித் தொண்டையில் சிக்கினால் மூச்சு போய்வரட்டும் என்று வைத்த ஓட்டை அது.

பேனாவின் உடம்பில் நெயில் பாலிஷால் ஒரு வளையம் போட்டுவைத்தாலும் பலன் உண்டு. சிவப்பு வளையம் போட்ட பேனாவை எங்கள் பகுதி வங்கியில் பலருக்கு அடையாளம் தெரியும். இரண்டு முறை வாட்ச்மேன் அண்ணனே எடுத்து வைத்திருந்து கொடுத்திருக்கிறார்.

மைப்பேனாவுக்கு நாலு வரி

மைப்பேனா ஆசை எனக்கும் உண்டு, ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைப் பேனா. காய்ந்து நின்றால் நிப்புப் பகுதியைக் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள், கொதிநீர் வேண்டாம். உடம்புக்குள் நேரே மை ஊற்றுகிற பழைய ரகத்தில் மை கால் பங்குக்குக் கீழே போனால் கைச்சூட்டிலேயே காற்று விரிந்து சொட்டும், அதற்குள் நிரப்பிவிடுங்கள். படம் வரைகிற இந்தியன் இங்கை அதில் ஊற்றினால் பேனாவுக்குக் காரியம் செய்ய வேண்டியதுதான்.

என் பையில் இருப்பது

மூடி போட்ட 0.7 நீல பால் பேனா ஒன்று, செக்குக்கும் பேரேட்டுக்கும். சைக்கிள் டியூப் மாட்டிய ஜெல் ஒன்று, கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு. ஒரு சிடி மார்க்கர். பால் பேனாவைத் தேர்ந்தெடுத்தது அது உசத்தி என்பதால் இல்லை. அதன் ரீஃபில் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு கடையில் கேட்ட உடனே கிடைக்கிறது. தர்மபுரிக்கே போக வேண்டிய ரீஃபில் என்றால் பேனா தங்கத்தில் இருந்தாலும் எனக்கு வேண்டாம். பிடித்த பேனாவைக் கண்டுபிடித்தவுடன் ஐந்து ரீஃபில் வாங்கி, தேதி எழுதி, டப்பாவில் போட்டு வைப்பேன். அதற்கு மேல் வாங்கினால் டப்பாவிலேயே காய்ந்துபோகும்.

போன மாதக் கூட்டத்தில் அவசரத்தில் நீல பால் பேனாவைப் பாட்டியிடம் நீட்டிவிட்டேன். அவர் ‘மு’ என்று ஒரு கீறல் போட்டார், நிறுத்தினார். நான் மைப்பட்டைப் பக்கம் பார்த்தேன். பாட்டி பேனாவை என் பக்கமாகத் தள்ளினார்.

“இந்தப் பேனா சரியில்ல கண்ணு. டியூப் போட்டத எடு.”